வந்தபடியே போகணும்

போலீஸ் மேஸ்திரி தன் வாழ்நாளில் ஒரு போலீஸ் நிலையத்துக்குள்ளும் கால் வைத்தவர் இல்லை. அந்தப் பெயர் அவருடைய விசாரணையால் வந்தது. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குள் விட்டுவிட்டு, "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று சொல்லி யாரும் நழுவிவிட முடியாது. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவார். சத்தம் மேடு ஏறும்போதா, இறங்கும்போதா? ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதா, விடும்போதா? வளைவில் கூடுகிறதா, குறைகிறதா? கேள்வியோடு கேள்வியாக, "நடுவுல வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று ஒன்றையும் செருகுவார். "இல்லை" என்பவர்களில் பாதிப்பேர் புளுகுவதாக அவர் எண்ணம். வண்டி பொய் சொல்லாது, ஓட்டுகிறவன் சொல்லுவான் என்பது அவருடைய வேதவாக்கு.

பழைய ஃபோர் வீல் ஜீப்புகள்தான் அவருக்குப் பிழைப்பு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் சத்தம் வருவதற்கு இரண்டு மடங்கு இடமிருக்கிறது. சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக முன்னால் ஒரு ஷாப்ட், பின்னால் ஒரு ஷாப்ட், நடுவில் இரண்டுக்கும் சக்தியைப் பங்கு போடும் பெட்டி, இரண்டு பக்கமும் பல் சக்கரங்கள். ஒரு இடத்தில் பிறக்கும் சத்தம் இரும்புச் சட்டம் வழியே ஓடி வேறொரு இடத்தில் போய்க் கத்தும். இந்த வேலைக்கு சந்தேகப் புத்தி வேண்டும். வேண்டும்தான், ஆனால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுவதுபோல அதையும் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகத் தெரிய வேண்டும். மேஸ்திரிக்கு அது தெரியவில்லை. அவர் தன் நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பார்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஒரே துணை அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. முன்பு பஸ் டெப்போவில் வேலை பார்த்தவன், டெப்போவை மூடியதும் அக்கா சொல்லி இங்கே வந்து சேர்ந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். பேச்சு குறைவு, கை சுத்தம். கை சுத்தம் என்று நான் சொல்வது வேலையையும்தான், மற்றதையும்தான். மேஸ்திரிக்கு மனம் நன்றாக இருந்தால் அவனை "மாப்ள" என்பார். சரியில்லை என்றால் "ஏம்பா". கொஞ்ச காலமாகவே "ஏம்பா"தான் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் மச்சினன் கடைக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை மேஸ்திரி ஒருநாள் பார்த்துவிட்டார். சிரிக்கும்படி அந்தக் கடையில் என்ன இருக்கிறது? பேரிங்கைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? அன்றைக்கு விழுந்த விதை முளைவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றப்பட்டு, நன்றாகவே வளர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மாட்டு டாக்டரம்மாவின் ஜீப் வந்தது.

மலையடிவாரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் அந்த அம்மாதான் டாக்டர். கன்று வெளியே வராமல் பசு தவிக்கும்போது போய் நிற்க வேண்டும் என்பதால் வண்டி அவருக்கு உயிர். கிளம்பும்போது "டொக்" என்று அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல ஒரு சத்தம் என்றார். மேஸ்திரி ஸ்டூலைப் போட்டார்.

"நடுவுல வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டினேன். மலை மேல ஒரு தடவ பாதி வழியில நின்னுடுச்சு. அங்க டிராக்டர் பாக்கிற ஒருத்தர் பின்னாடி ஷாப்டைக் கழட்டி ஏதோ பண்ணி மாட்டிக் கொடுத்தார். அதோட தான் வீடு வந்து சேர்ந்தேன்."

இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லும் ஆட்கள் அபூர்வம். மேஸ்திரி தலையாட்டிக் கேட்டார், கேட்டதோடு விட்டார். வாயைத் திறந்து உண்மை சொல்பவரிடம் துருவ என்ன இருக்கிறது என்று அவருக்கு சுவாரசியம் போய்விட்டது.

"டொக்" எதனால் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின் ஷாப்டின் முனை இரண்டும் கவட்டை மாதிரி பிரிந்து கவையாக நிற்கும், அந்தக் கவைக்குள் க்ராஸ் என்று ஒன்று இருக்கும். பெயருக்கேற்றபடி கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு. அதன் நான்கு கால்களிலும் தொப்பி மாட்டி, தொப்பிக்குள் ஊசி ஊசியாக உருளைகள். ரோடு எப்படித் தூக்கிப் போட்டாலும் ஷாப்ட் வளைந்து கொடுத்துச் சுற்றுவது அதனால்தான். அது தேய்ந்துவிட்டால் கிளம்பும்போது அடிக்கும். மச்சினன் வண்டிக்கு அடியில் படுத்து ஷாப்டைக் கையால் ஆட்டிக் காட்டினான். பல் ஆடுவதுபோல ஆடியது.

ஷாப்டைக் கழற்றும் முன் மேஸ்திரி தானே கீழே போனார். இது அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. அந்த ஷாப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டு. உள்ளே வரிவரியாகப் பல். உருவிவிட்டுத் திரும்பச் சொருகும்போது ஒரு பல் இடம் மாறினாலும் சுற்றும்போது உதறும். அதனால் கழற்றும் முன்பே இரண்டு துண்டிலும் நேருக்கு நேராகப் பஞ்ச் என்கிற கூர் உளியை வைத்து ஒரு புள்ளி அடித்துவிடுவார். திரும்ப மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி சேர்த்தால் முடிந்தது. "வந்தபடியே போகணும்" என்பார். அடுத்தவனை நம்ப முடியாத மனிதருக்கு இதைவிட ஆறுதலான சட்டம் கிடையாது.

பக்கத்தில் படுத்திருந்த மச்சினன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான், "மாமா, புள்ளி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். ரெண்டு முனையில இருக்கிற கவையும் ஒரே வாக்கில இல்லாத மாதிரி தெரியுது. சேறைத் தொடச்சிட்டுப் பாக்கலாமா?"

"ஏம்பா, வண்டி இந்த ஷாப்டோடதானே ஓடி வந்துச்சு?"

"ஓடித்தான் வந்துச்சு. ஆனா மலையில ஒருத்தர் கழட்டினாருன்னு..."

"வந்தபடியே போகணும். நீ ஒண்ணை மாத்தி வச்சிட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மலைக்காரன் தலையில கட்டலாம்னு பாக்கறியா?"

மச்சினன் டார்ச்சை அணைத்தான். மேஸ்திரி சேற்றோடு சேற்றாகப் புள்ளி அடித்தார், நல்ல அழுத்தமாகவே.

புது க்ராஸை வாங்கி வந்து மாட்டியது மச்சினன். ஷாப்ட் ஏறியது, புள்ளிக்குப் புள்ளி சேர்ந்தது, "டொக்" போயே போய்விட்டது. அன்று மாலை மச்சினனின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியின் மூலை எட்டிப் பார்ப்பதை மேஸ்திரி கவனித்தார். க்ராஸ் வந்த பெட்டி. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் சந்தேகம் போய்விடுமே.

சில நாளில் டாக்டரம்மா திரும்பி வந்தார். "அடிக்கிற சத்தம் நின்னுடுச்சு. இப்போ வேற ஒண்ணு. வேகம் பிடிச்சா வண்டி முழுக்க முனகுது. சீட்டே நடுங்குது. முன்னாடி அந்த அடிக்குப் பயந்து மெதுவாத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன், அதனால இது அப்பவே இருந்துச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

இதைவிடத் தெளிவாக ஒரு வாடிக்கையாளர் சொல்ல முடியாது. மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனார், மச்சினன் பக்கத்தில். ஒரு வேகத்துக்கு மேல் போனதும் "உம்ம்ம்" என்று எழுந்தது. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டார். சத்தம் அப்படியே இருந்தது, ஆகவே என்ஜினும் கியர்பாக்ஸும் நிரபராதி. இடமும் வலமுமாக வளைத்தார். மாறவில்லை, ஆகவே சக்கர பேரிங்கும் இல்லை. மிதித்தும் விட்டும் பார்த்தார். பின்னால் இருக்கும் பெரிய பல் சக்கரம் தேய்ந்திருந்தால் சுருதி மாறியிருக்கும், மாறவில்லை.

"மாமா, பின் ஷாப்டை அவுத்து வச்சிட்டு, முன் சக்கரத்துல மட்டும் ஓட்டிப் பாத்துடலாமா?" என்றான் மச்சினன். ஃபோர் வீல் வண்டியில் மட்டுமே செய்யக்கூடிய வித்தை அது. பின் ஷாப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு லீவரைத் தள்ளினால் முன் சக்கரங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். அப்படியே செய்தார்கள். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. குற்றவாளி பின் ஷாப்ட்தான் என்பது சந்தேகமில்லாமல் ருசுவாகிவிட்டது.

"அப்போ அந்தக் கவையை ஒரு தடவ..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

மேஸ்திரி ஷாப்டைத் திருப்பிப் புள்ளிகளைப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல நேருக்கு நேர் இருந்தன. "என் மார்க் சரியா இருக்கு" என்றார். பேச்சு அங்கே முடிந்தது.

மார்க் சரி என்றால் ஷாப்டில் மிச்சமிருப்பது க்ராஸ். க்ராஸ் புதிதாக இருந்தால் முனகாது. முனகுகிறது என்றால் அது புதிதல்ல. புதிதல்ல என்றால், புதியது எங்கே போயிற்று? அவருடைய மூளை இந்தப் படிகளில் குடுகுடுவென்று இறங்கி, கீழே ஸ்பேர் கடைக்காரரும் மச்சினனும் சிரித்துக்கொண்டு நிற்கும் வாசலில் போய் நின்றது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று வீட்டுக்குப் போனால் மனைவியின் தையல் மெஷின் மேல் அதே அட்டைப்பெட்டி. இவளும் உடந்தையா? மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்து, தன் வீட்டிலேயே திருடனைப் போலப் பூனை நடை நடந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே வண்ண வண்ணமாக நூல் சுற்றிய பாபின்கள். தம்பி அக்காவுக்குப் பாபின் போட்டு வைக்க ஒரு காலிப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். மேஸ்திரியோ, பெட்டிதான் இங்கே இருக்கிறது, க்ராஸ் எங்கே என்று யோசித்தார்.

வாரவிடுமுறை அன்று, மச்சினன் வராத நேரத்தில், ஒர்க்‌ஷாப் கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டு க்ராஸைப் பிரித்தார். தொப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். உள்ளே ஊசிகள் பளபளவென்று, ஒன்றுகூடக் குறையாமல், புது கிரீஸில் மினுங்கிக்கொண்டு படுத்திருந்தன. நான்கு காலிலும் ஒரு கீறல் இல்லை. அச்சு அசல் புது க்ராஸ். மச்சினன் அதை எவ்வளவு பதமாகப் பொருத்தியிருக்கிறான் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் பார்த்தவுடன் புரியும். மேஸ்திரிக்கும் புரிந்தது. சுருக்கென்று குத்தத்தான் செய்தது. ஆனால் அவசர அவசரமாகப் பூட்டி, புள்ளிக்குப் புள்ளி சேர்த்து, இருந்த இடத்தில் ஷாப்டை வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார். யாருக்குத் தெரியப் போகிறது?

தெரிந்துவிட்டது. தொப்பி வெளியே வராமல் பிடிக்கும் வளையப் பூட்டுகளை மாட்டும்போது, நான்கின் பிளந்த வாயும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைப்பது மச்சினனின் பழக்கம். அதற்கு அவசியம் ஒன்றுமில்லை, அவனுக்கு அதில் ஒரு அழகு. காலையில் ஷாப்டைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். பூட்டுகள் நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன.

"மாமா, இதை யார் பிரிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

மேஸ்திரி ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தார். அந்த வண்டி தண்ணீர் கேட்கவில்லை.

"புதுசு போட்டிருக்கேனான்னு பாத்தீங்களா?"

மேஸ்திரி மூடியைத் திருகி மூடிவிட்டு, மறுபடியும் திறந்தார். மச்சினன் டெப்போ நாளிலிருந்து வைத்திருந்த தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்றினான். "வர்றேன் மாமா" என்றான். கதவருகே திரும்பி நின்று, "அக்காகிட்ட நான் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

அவன் அக்காவிடம் என்ன பேசினான் என்பது இரவுச் சாப்பாட்டில் தெரிந்தது. "பெரிய லாரி வேலை கத்துக்கணுமாம் துரைக்கு. லாரி ஷெட்டுல சேர்ந்துட்டானாம்" என்று மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "கைதூக்கி விட்ட மனுஷனை நட்டாத்துல விட்டுட்டுப் போறோமேன்னு ஒரு உறுத்தல் வேணாம்? கூடப் பொறந்தவன்னு சொல்லிக்கவே கூசுது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

மேஸ்திரி சோற்றைப் பிசைந்தார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளும் அவள் தம்பியைத் திட்டினாள், அதற்கடுத்த நாளும். அவர் ஒவ்வொரு வேளையும் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார். இதற்குக் கோழைத்தனம் என்பதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஜீப் மட்டும் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. டாக்டரம்மா யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் சேற்றில் சறுக்கிக்கொண்டு போய்வருவதாகச் சொல்லி அனுப்பினார். இனி தள்ளிப்போட முடியாது. ஷாப்டை மாட்டி மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்காக மேஸ்திரி தன்னந்தனியாக வண்டிக்கு அடியில் படுத்தார். வழக்கமாக ஒரு முனையை மச்சினன் பிடிக்க, அவர் போல்ட்டைப் பூட்டுவார். இப்போது பிடிக்க ஆளில்லை. ஷாப்டைத் தன் மார்பின் மேலேயே நீளவாக்கில் கிடத்திக்கொண்டார். ஒரு முனை தாடைக்குக் கீழே, மறுமுனை முழங்காலுக்குப் பக்கத்தில். வழுக்காமலிருக்கச் சேறெல்லாம் வழித்துத் துடைத்தார். தலையைச் சற்றே தூக்கியபோது, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல, இந்தக் கவைக்கு மேலாக அந்தக் கவை தெரிந்தது. ஒன்று நேராக நின்றது. மற்றது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரே ஒரு பல்லின் அளவு.

நடுவில் அவருடைய இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேராக, நல்ல பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

மலைக்காரர் அவசரத்தில் ஒரு பல் தள்ளிச் சொருகியிருக்கிறார். அந்தத் தப்பு கொஞ்சமும் மாறிவிடாதபடி பஞ்ச் வைத்து அடித்துக் காவல் போட்டவர் இவர். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட மனிதருக்குத் தன் கையால் வைத்த புள்ளியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் டார்ச் அடித்துச் சொன்னானே. டாக்டரம்மாவும் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாரே. மேஸ்திரி மார்பில் ஷாப்டோடு வெகுநேரம் அப்படியே கிடந்தார். கண் கலங்கியது. கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஷாப்டை உருவி, ஒரு பல் திருப்பிச் சொருகினார். புறவழிச் சாலையில் எவ்வளவு வேகம் போனாலும் வண்டி வாய் திறக்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் விசிலடித்திருப்பார். நேரே லாரி ஷெட்டுக்கு விட்டார்.

மச்சினன் ஒரு லாரியின் அடியிலிருந்து வெளியே வந்தான். ஜீப் வந்து நின்ற விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு பல்லா மாமா?"

"ஒரு பல்லுதான் மாப்ள. நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது. கெளம்பு, போலாம்."

அவன் கைகளைத் துடைத்தபடி நின்றான். "ஷாப்டுல தப்பு நடக்கும் மாமா. எனக்கும் நடக்கும். அதுக்காகவா நான் இங்க வந்தேன்?"

ஷெட்டில் நான்கைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வேலை செய்வதுபோல நின்றார்கள் என்பதுதான் சரி.

"நீ திருடியிருப்பேன்னு நெனச்சேன்" என்றார் மேஸ்திரி. எல்லோருக்கும் கேட்டது. "நெனச்சது தப்பு. பிரிச்சுப் பாத்தது அதைவிடத் தப்பு."

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சொன்னான், "வர்றேன் மாமா. ஆனா அக்கா என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறா. உங்க வீட்டுக்குள்ள சண்டை வரக்கூடாதுன்னு நான் வாய மூடிக்கிட்டேன். அதை என்னால ரொம்ப நாள் தாங்க முடியாது. நீங்களே சொல்லிட்டு வாங்க."

வீட்டில் மனைவி மெஷினில் குனிந்து ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அவளுக்கெதிரே நின்றார். ஒளிக்காமல், மழுப்பாமல், கடை வாசல் சிரிப்பிலிருந்து கதவைத் தாழிட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னார். "அவன் போகல. நான்தான் போக வச்சேன். நீ திட்டினதெல்லாம் என்னைச் சேர வேண்டியது."

மெஷின் சக்கரம் மெல்ல ஓடி நின்றது. அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தார். அவள் ஊசியிலிருந்து நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவன் மேல மட்டும்தானா? என் மேலயும் சந்தேகப்பட்டீங்களா?"

"சேச்சே, இல்ல" என்றுதான் மேஸ்திரி சொன்னார். ஆனால் சொல்வதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வருஷக்கணக்காக அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தக் கொஞ்ச நேரமே போதும்.

"சரி" என்றாள் அவள், சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு. "போய் முதல்ல என் தம்பியைக் கூட்டிட்டு வாங்க. நம்ம விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."